கொடுக்காத அமானிதம்

சேக் மைதீனுக்கு அன்று காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. காக்கிச் சட்டையின் மேல்பாக்கெட்டில் ஒரு வால்வு கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னச் சாமான். அதைப் போய்ப் பாரம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவருக்கு அம்மிக்கல்லைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நடப்பது போல இருந்தது.

பழங்காநத்தத்தில் அவருடைய பட்டறைக்கு வயது முப்பத்தொன்று. கார் கொதிக்கிறது என்றால் அந்தப் பக்கத்து ஜனம் அவரிடம்தான் போகும். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு வைத்தியம். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு இருக்கும். எஞ்சின் தண்ணீர் ஆறிக் கிடந்தால் அது மூடியிருக்கும். பதமாகச் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். "பனி பெய்யிற நாட்டுக்காரன் வச்சது. மதுரைக்கு என்னத்துக்கு?" என்பது அவர் கட்சி. அதனால் முதல் தடவை பட்டறைக்குள் வருகிற வண்டி எதற்காக வந்திருந்தாலும் சரி, வேலையோடு வேலையாக அந்த வால்வைக் கழற்றிவிடுவார். சொந்தக்காரரிடம் சொல்கிற வழக்கம் கிடையாது. வைத்தியர் எல்லாவற்றையும் நோயாளியிடம் சொல்லிக்கொண்டா இருக்கிறார்? பக்கத்து டயர் கடை இஜாஸுக்கு மட்டும் விஷயம் தெரியும். "மாமு பட்டறைக்குள்ள போனா வண்டிக்கும் சுன்னத்துதான்" என்று வாய் ஓயாமல் கேலி பண்ணுவான். அவன் காரே போன வருஷம் குமுளி மலையில் ஆவி கக்கி நின்றது என்பது வேறு கதை. பாவம், அவன் ரேடியேட்டரையே மாற்றினான்.

கழற்றிய வால்வை சேக் மைதீன் தூக்கி எறியவும் மாட்டார், பழைய இரும்புக்குப் போடவும் மாட்டார். வண்டி நம்பர் எழுதிய சீட்டை நூலில் கட்டி ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைப்பார். பிறத்தியார் பொருள், அமானிதம், ஒரு துரும்பு குறையக்கூடாது. அந்த டின்னைப் பார்க்கும்போதெல்லாம் தன்னைப் போல நேர்மையான மெக்கானிக் இந்த ஊரில் இல்லை என்று அவருக்கு மனசு குளிரும்.

சிவக்குமாரின் ஹைப்ரிட் கார் சித்திரை மாதத்தில் அவரிடம் வந்தது. சிவக்குமார் வில்லாபுரத்தில் குடியிருக்கிறான். கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின்களைப் பராமரிக்கிற வேலை. பெட்ரோல் எஞ்சின் ஒன்று, பேட்டரியில் ஓடும் மோட்டார் ஒன்று என்று இரண்டும் உள்ள கார் அது. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். ஹோஸில் கசிவு என்று கொண்டுவந்தான். சேக் மைதீன் ஹோஸை மாற்றினார், கையோடு வைத்தியத்தையும் முடித்து அனுப்பினார். அன்றைக்குப் பிறகு அந்த எஞ்சின் எந்த சிக்னலிலும் அணையவில்லை. மூன்று தடவை வந்து கேட்டான். ஒரு தடவை சென்சாரைத் துடைத்துக் கொடுத்தார். ஒரு தடவை பேட்டரி விசிறியின் தூசியை ஊதினார். மூன்றாவது தடவை, "வெயில் ஜாஸ்தி தம்பி" என்று வெயிலின் தலையில் போட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அன்று காலை பட்டறையைத் திறந்ததும் டின்னைக் கவிழ்த்து அந்த ஹைப்ரிட்டின் வால்வைத் தேடி எடுத்தார். கழற்றியபோது கண்ணில் படாதது இப்போது பட்டது. பழைய வண்டிகளின் வால்வுக்கு ஒரே ஒரு தட்டுதான். இதற்கு அடியில் வால் மாதிரி நீண்டு, அதன் நுனியில் இரண்டாவதாக ஒரு தட்டு. சூடேறி மேல்தட்டு திறக்கும்போது இந்த வால்தட்டு இறங்கி, எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வரும் குறுக்கு வழியை அடைக்கும். சித்திரைத் திருவிழாவில் போலீஸ்காரர் குறுக்குச் சந்துகளை அடைத்தால்தான் கூட்டம் பெரிய வீதியில் போகும். சந்து திறந்து கிடந்தால்? கொதிக்கிற தண்ணீரில் பாதி ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் திரும்ப எஞ்சினுக்குள் போகும். சமவெளியில் ஓடினால் எஞ்சின் சூடே ஏறாமல் சவசவ என்று கிடக்கும், அதனால்தான் அணைய மறுக்கிறது. மலை ஏறினால் கொதித்துவிடும். முப்பத்தொரு வருஷத்து வித்தை அவர் கையிலேயே கிடந்து அவரைப் பார்த்துச் சிரித்தது.

சிவக்குமாரிடம் வண்டியைக் கேட்டு வாங்கி யாருக்கும் தெரியாமல் மாட்டிவிடலாம் என்று வால்வைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். அதற்குள் கார் வாசலில் வந்து நின்றது.

பின்சீட்டில் சிவக்குமாரின் மனைவி சத்யப்ரியா. அவளைச் சுற்றிப் பாய், மெத்தை, பாத்திர மூட்டை, அரிசிப் பை, தண்ணீர் கேன். ஆறு வருஷம் காத்திருந்து அரசுப் பள்ளி ஆசிரியை வேலைக்கு உத்தரவு வாங்கியிருந்தாள். பண்ணைக்காட்டுக்கு மேலே ஒரு மலைப்பள்ளி. உத்தரவு வந்த நேரம் பார்த்துக் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். பணியில் சேர இன்றுதான் கடைசி நாள். நாலரை மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"பாய், ஏறுங்க. மலைக்குப் போறோம், நீங்க கூட வந்தா தைரியமா இருக்கும்," என்றான் சிவக்குமார்.

"ஒரு ஒண்ணரை மணி நேரம் வண்டிய விடு தம்பி. ஒரு வேலை பாக்கி இருக்கு."

"மணி பதினொண்ணு ஆச்சு பாய். இப்பவே லேட்டு. என்ன வேலை?"

என்ன வேலை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சேக் மைதீன் டூல் பையை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மலை அடிவாரம் போவதற்குள் எங்கேயாவது டீ குடிக்க நிறுத்துவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

எங்கேயும் நிறுத்தவில்லை. சமயநல்லூர் போயிற்று, வாடிப்பட்டி போயிற்று. அக்னி நட்சத்திரம் முடிந்து பத்து நாளாகியும் வெயில் முடிந்தபாடில்லை. ரோடு கண் கூசும்படி வெளுத்துக் கிடந்தது. சிவக்குமார் எஞ்சின் தண்ணீரின் சூட்டைப் போன் திரையில் எண்ணாகக் காட்டும்படி ஒரு சின்னக் கருவியை மாட்டி வைத்திருந்தான். அறுபத்திரண்டு. சேக் மைதீன் ஜன்னலைப் பார்ப்பார், எண்ணைப் பார்ப்பார், மறுபடி ஜன்னலைப் பார்ப்பார்.

"பாத்தீங்களா பாய், அறுபத்திரண்டத் தாண்ட மாட்டேங்குது. எங்க கம்பெனில பிளாஸ்டிக்க வார்க்கிற மோல்டுக்குத் தண்ணி ஓடும்ல, சூடு கூடுனாலும் பீஸு வீணு, கொறஞ்சாலும் வீணு. இதுவும் அப்புடித்தான? சூடு பத்தாமத்தான் எஞ்சின் அணைய மாட்டேங்குதுன்னு எனக்குத் தோணுது. அந்தத் தெர்மோஸ்டாட் வால்வு தெறந்தபடிக்கே சிக்கிக்கிருச்சோ?"

"அதெல்லாம் பாத்தாச்சு தம்பி."

பார்த்தது உண்மைதான். காலையில்தானே பார்த்தார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனாலும் மொத்தமும் பொய். அது அவருக்கே நெஞ்சில் குத்தியது. குத்துகிற இடத்தை மறைக்க மனுஷன் வேறு எங்கேயாவது கோபப்பட வேண்டுமே. திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார்.

"என்ன தாயி, மெத்தையக் கொண்டுபோயி அந்த ஓட்டையில சாத்தி வச்சிருக்க? அது பேட்டரி மூச்சு விடுற ஓட்டை. அத அடச்சா பேட்டரி வெந்து போகும். இம்புட்டு வெலை குடுத்து வண்டி வாங்குனா மட்டும் போதுமா, எங்க என்ன இருக்குன்னு தெரிய வேணாமா?"

சத்யப்ரியாவின் முகம் சுண்டிப்போயிற்று. "தெரியாமப் போச்சுண்ணே," என்று மெத்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கஞ்சி போட்ட புதுச் சேலை கசங்கியது. அதன் பிறகு ஒரு மணி நேரம் அந்த மெத்தையைச் சுமந்துகொண்டே வந்தாள்.

வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோடு பிரிவில் திரும்பி, மலை ஏற ஆரம்பித்தார்கள். எண் எழுபதானது, எண்பதானது. எண்பத்தெட்டில், ஒரு சின்ன இறக்கத்தில், எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது. மோட்டாரில் மட்டும் கார் சத்தமில்லாமல் நழுவியது.

"பாய், அணைஞ்சிருச்சு," என்று சிவக்குமார் ஸ்டியரிங்கைத் தட்டினான். "ரெண்டு மாசம் கழிச்சு இப்பத்தான் அணையிது. நீங்க வந்து உக்காந்த ராசி."

அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் மறுபடி உயிர்பெற்று உறுமியது. தொண்ணூற்றைந்து. நூறு.

"ஏசிய அணை," என்றார். நூற்று நான்கு. "ஹீட்டரப் போடு. முழுசா. கண்ணாடிய எல்லாம் எறக்கு."

ஹீட்டர் போட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்து கழியும். வந்தது. அடுப்பு வாயைத் திறந்துவிட்டது போல முகத்தில் அடித்தது. சத்யப்ரியாவின் பவுடரும் பொட்டும் கரைந்து வழிந்தன. நூற்று ஏழு. நூற்றுப் பத்து. டம்டம் பாறையைத் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் சிவப்பு விளக்கு எரிந்தது; வண்டி இழுவை இழந்து, ஓரமாக ஒதுங்கி நின்றது. மணி ஒன்று இருபது.

பானெட்டைத் திறந்தார்கள். விசிறி பேய் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. சிவக்குமார் கார் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டான். மதுரையிலிருந்து இழுவை வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். கொடைக்கானல் பஸ் இரண்டு போயின. சீசன் கூட்டம், படியில் ஆள் தொங்கியது. வளைவில் நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டார்கள். சத்யப்ரியா சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்தபடி ரோட்டுக்கும் காருக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"பாய், இப்ப அந்த வால்வு மூடுனபடிக்கு சிக்கியிருச்சுன்னு நெனைக்கிறேன்," என்றான் சிவக்குமார். "யூடியூப்ல ஒருத்தன் வழியிலயே அதக் கழட்டி எறிஞ்சிட்டுப் போனான். நாமளும் கழட்டிருவமா?"

சேக் மைதீன் அவனையே பார்த்தார். வழி அதுவாகத் திறந்திருக்கிறது. சரி என்று சொல்லி மூடியைக் கழற்றுவது, கழற்றுகிறாற்போல் கையை உள்ளே விட்டு, பாக்கெட்டில் இருப்பதை மாட்டிவிடுவது. வண்டி ஓடும். பேரும் நிற்கும். அல்லாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

"சரி தம்பி," என்று சொல்லப் போனார். அந்த நேரம் பார்த்து சத்யப்ரியாவின் போன் அடித்தது. எதிர்முனையில் அவள் அம்மா பாண்டீஸ்வரி.

"வண்டி நின்னுருச்சும்மா," என்றாள் சத்யப்ரியா. "அழுகாத. பாய் அண்ணன் கூட வந்திருக்காக. அவுக இருக்கையில என்ன பயம்? அவுக வரலேன்னா நாங்க அநாதையா நின்னுருப்போம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. பாக்கெட்டுக்குள் கையை விட்டு வால்வை எடுத்து சிவக்குமாரின் உள்ளங்கையில் வைத்தார். நூலில் அவன் வண்டி நம்பர் எழுதிய சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ள வால்வே இல்ல தம்பி. இதுதான் அது. சித்திரையில ஹோஸ் மாத்துனப்ப நான்தான் கழட்டுனேன்."

சிவக்குமார் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சத்யப்ரியா போனை வைத்துவிட்டு வந்தாள்.

"இதுனாலதான் கொதிக்கிதுன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலையில, தாயி. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"காலையிலயே தெரியும். தெரிஞ்சே ஏறி உக்காந்து, பாக்கெட்டுல இத வச்சுக்கிட்டே, என் மெத்தையக் கொற சொல்லிக்கிட்டு வந்தீக."

"நான் தூக்கிப் போடல தாயி. எந்த வண்டியோடதையும் போட்டதில்ல. அமானிதமா வச்சிருந்தேன்."

"அப்புடின்னா?"

"பிறத்தியார் நம்மள நம்பிக் குடுத்து வச்ச பொருள்."

"நாங்க குடுக்கவே இல்லையேண்ணே," என்றாள் சத்யப்ரியா.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷமாக அந்த டின் கொடுத்த நிம்மதி முழுவதும் அந்த ஒரு வரியில் போயிற்று. சேக் மைதீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

"இத மாட்டுனா வண்டி மலையேறுமா பாய்?" என்றான் சிவக்குமார். அவ்வளவு நேரத்துக்கு அதுதான் அவன் முதல் பேச்சு.

"ஏறும். ஆனா சூடு ஆறாம மூடியத் தெறக்க முடியாது. முகத்துல அடிக்கும். முக்கா மணி நேரம் ஆகும்."

அந்த முக்கால் மணி நேரம் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சேக் மைதீன் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பச்சைப்பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுகூட அப்படி இராது. கடைசியில் மூடியைத் துணி போட்டுத் திருகினார். இஸ் என்று மூச்சு விட்டது.

"தண்ணியில கூலண்ட் மருந்து கலந்திருக்கு, கொட்டிறக் கூடாது. திரும்ப ஊத்தணும். ஏதாச்சும் ஏனம் வேணும்."

சத்யப்ரியா பாத்திர மூட்டையை அவிழ்த்தாள். புதுக்குடித்தனத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் குண்டான், விளிம்பில் அவள் பெயர் வெட்டியது. அதை நீட்டினாள்.

"இதுல பிடிச்சா அப்பறம் சோறாக்கக் கூடாது தாயி. விஷம்."

"பிடிங்கண்ணே. மணி ரெண்டேகால்."

ரோஸ் நிறக் கூலண்ட் குண்டானுக்குள் விழுந்தது. சிவக்குமார் ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தான். "பத்தா, பன்னெண்டா?" என்பதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. சேக் மைதீன் நூலை அறுத்து, சீட்டைக் கிழிக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, காற்று போகிற சின்னத் துளை மேல்பக்கம் வரும்படி வால்வை உட்கார வைத்தார். சுற்றி ரப்பர் வளையம் சரியாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். மறுபடி தடவினார். குண்டானில் இருந்ததைத் திரும்ப ஊற்றி, குறைந்த அளவுக்குக் கேன் தண்ணீர் சேர்த்தார்கள். ஹீட்டரை முழுசாக வைத்து எஞ்சினை ஓடவிட்டார்கள். உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக வந்து அடங்கியது.

ஏறும்போது எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறு. மூன்று பேர் கண்ணும் போன் திரையில். தொண்ணூற்றொன்று. அங்கேயே நின்றது. அடுத்த வளைவில் எண்பத்தொன்பதுக்கு இறங்கியது. சேக் மைதீன் தன்னை அறியாமல் ஓதிக்கொண்டிருந்தார். ஊத்து என்கிற ஊரைத் தாண்டி ஒரு இறக்கத்தில் எஞ்சின் அணைந்தது. இந்தத் தடவை யாரும் ஸ்டியரிங்கைத் தட்டவில்லை.

நாலு மணி பன்னிரண்டுக்கு சத்யப்ரியா பள்ளிக்கூட அலுவலக அறைக்குள் கசங்கிய சேலையோடு ஓடினாள். சேக் மைதீன் கொடிக்கம்பத்துப் பக்கம் நின்றார். மலைக்காற்று சில்லென்று அடித்தது, ஆனால் அவருக்கு உடம்பு வியர்த்துக்கொண்டேயிருந்தது. சிவக்குமார் வெளியே வந்தான்.

"கையெழுத்துப் போட்டா பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, சரி கழட்டுங்கன்னுதான் சொல்லியிருப்பேன் பாய். ஒங்க மேல அம்புட்டு நம்பிக்கை," என்றான். சொல்லிவிட்டு மெத்தையை இறக்கப் போய்விட்டான்.

சேக் மைதீன் போனை எடுத்து இஜாஸை அழைத்தார்.

"மாப்ள, பட்டறைச் சாவி உங்கிட்ட இருக்குல்ல? உள்ள போயி அந்த பிஸ்கட் டின்னக் கொட்டு. அடியில வால் மாதிரி நீண்டு ரெண்டாவது தட்டு இருக்கிற வால்வ எல்லாம் தனியா எடு. சீட்டுல இருக்கிற வண்டி நம்பரப் படி, எழுதிக்கிறேன். ஒவ்வொருத்தருக்கும் போன் போடணும்."

"எதுக்கு மாமு? சுன்னத்த வாபஸ் வாங்கப் போறீகளா?" என்று சிரித்தான் இஜாஸ். டின் கவிழ்கிற சத்தம், வால்வுகள் தரையில் உருள்கிற சத்தம் கேட்டது. "எல்லாம் பழசாத்தான் கெடக்கு. ம், இந்தா ஒண்ணு. வால் இருக்கு. படிக்கவா?"

"படி."

இஜாஸ் படிக்கவில்லை. சிரிப்பும் நின்றிருந்தது.

"மாமு," என்றான். "இது என் வண்டி நம்பரு."

குமுளி மலையில் ஆவி கக்கிய கார். அவன், அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். ஊர் வண்டிகளை வைத்துக் கேலி பண்ணியவனுக்குத் தன் வண்டி நினைப்பு வந்ததே இல்லை. அன்றைக்கு ரேடியேட்டரை மாற்றியதும் சேக் மைதீன்தான், "நல்ல வேளை, என்கிட்ட கொண்டு வந்த" என்று சொல்லிச் சொல்லி மாற்றினார். அவர் கொடிக்கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"ஆமா மாப்ள. ஒன்னோடதுதான். ஒங்கிட்டக் கேக்காம எடுத்தது," என்றார். "போன வச்சிராத. சொல்றேன்."